கிழங்கின் உறக்கம்

நர்சரியில் அல்லிச் செடி கேட்டால் விற்பவர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, 'ஹார்டியா, டிராபிகலா?' என்பதுதான். புதிதாக வாங்க வருபவர் ஹார்டி என்று சொல்லிவிட வாய்ப்பு அதிகம். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு உரம் வாய்ந்தது, எதையும் தாங்குவது என்று பொருள். நம் ஊர் வெயிலுக்கு அப்படி ஒன்றுதானே வேண்டும் என்று மனம் கணக்குப் போடுகிறது. கணக்கு தவறு. இந்த இரண்டு சொற்களும் பனி பெய்யும் நாடுகளின் தோட்டக்காரர்கள் தங்கள் வசதிக்காகச் செய்துகொண்டவை. குளிர்காலம் முழுக்கக் குளத்திலேயே விட்டுவைத்தாலும் பிழைப்பது ஹார்டி. விட்டுவைத்தால் செத்துப்போவது டிராபிகல். வெயிலைப் பற்றியோ வறட்சியைப் பற்றியோ அவை எதுவும் சொல்வதில்லை. அல்லிகளை இரண்டாகப் பிரிப்பது வலிமையும் மென்மையும் என்று நான் நினைக்கவில்லை. தனக்கு ஆகாத பருவத்தைச் செடி எப்படித் தூங்கிக் கழிக்கிறது என்பதே உண்மையான பிரிவு. ஒன்று குளிரில் தூங்கப் பழகியது. மற்றது வறட்சியில் தூங்கப் பழகியது. இரண்டுக்கும் படுக்கை சேற்றுக்குள் இருக்கும் கிழங்கு. நட்ட அல்லி ஏன் பூக்கவில்லை, ஏன் அழுகியது, ஏன் திடீரென்று காணாமல் போனது என்ற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை அங்கேதான் கிடக்கிறது.

முதலில் யார் யார் என்று பார்த்துவிடலாம். அல்லிகள் நிம்ஃபேயா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. உலகெங்கும் ஐம்பது இனங்களுக்கு மேல் உண்டு. பூக்கும் தாவரங்களின் வம்ச மரத்தில் மிகத் தொடக்கத்திலேயே பிரிந்துபோன கிளை இது. ஒருவித்திலை, இருவித்திலை என்ற பிரிவு உருவாவதற்கு முன்பே தனி வழி பிடித்தது. தாமரை இதன் உறவே இல்லை. அதன் நெருங்கிய சொந்தம் காஷ்மீரத்துச் சினார் மரம் என்றால் நம்பக் கடினமாக இருக்கும், ஆனால் மரபணுக்கள் அப்படித்தான் சொல்கின்றன. குளிர்தாங்கும் அல்லிகளுக்கு இலை விளிம்பு வழுவழுப்பாக இருக்கும்; பூ நீரில் மிதக்கும் அல்லது கொஞ்சமே எழும். வெப்பமண்டல அல்லிகள் பலவற்றுக்கு இலை விளிம்பு பல்பல்லாகவோ அலையலையாகவோ இருக்கும். பூ நீரிலிருந்து நன்றாக எழுந்து காம்பின் மேல் நிற்கும். இந்த இரண்டாம் கூட்டத்திலேயே பகலில் மலர்பவை, இரவில் மலர்பவை என்று இரு பிரிவுகள். நம் குளங்களின் வெள்ளாம்பலும் செவ்வல்லியும் இரவுக்காரர்கள். அவை நிலவைக் கண்டு மலர்வதாகக் கவிஞர்கள் சொன்னார்கள். அமாவாசை அன்றும் அவை தவறாமல் மலர்கின்றன. மாலையில் விரிந்து மறுநாள் முற்பகலில் கூம்பும் இந்தப் பழக்கத்துக்கு ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர் பகல் அல்லியை வைத்தால் வார நாட்களில் மூடிய மொட்டைத்தான் பார்ப்பார். அவருக்கு ஏற்றது ஆம்பல்தான். குவளை, நெய்தல் என்ற பழம்பெயர்களை எந்தச் செடிக்குச் சூட்டுவது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை.

இனி உறக்கம். குளிர்தாங்கும் அல்லிக்குச் சேற்றில் கிடைமட்டமாக ஊர்ந்து வளரும் தடித்த தண்டு உண்டு. இஞ்சியைப் போல ஒரு முனையில் குருத்தும் மறுமுனையில் பழைய உடலுமாக நகர்ந்துகொண்டே போகும். இலையுதிர் காலத்தில் மேலே உள்ள இலைகள் அழிந்துவிடும். மாவுச்சத்தைச் சேர்த்து வைத்த தண்டு அடியில் கிடக்கும். ஸ்வீடனில் ஃபாகெர்டார்ன் என்ற சிறு ஏரி இருக்கிறது. அங்கேதான் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பிய வெள்ளை அல்லியின் சிவந்த வடிவம் கண்டெடுக்கப்பட்டது. குளிர்காலத்தில் அந்த ஏரியின் மேற்பரப்பு உறைந்துவிடுகிறது. அல்லி எப்படிப் பிழைக்கிறது? இதில் பாதிப் பெருமை செடியுடையது அல்ல, நீருடையது. நீர் ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கிறது. அதற்கும் கீழே குளிர்ந்தால் இலேசாகி மேலே வருகிறது, மேலேயே உறைகிறது. பனிக்கட்டிப் போர்வைக்கு அடியில் சேறு உறையாமல் இருக்கிறது. அதே செடியை ஆழமற்ற தொட்டியில் வைத்து அடிவரை உறைய விட்டால் 'எதையும் தாங்கும்' அல்லி அந்தக் குளிர்காலத்திலேயே செத்துவிடும். ஆக, ஹார்டி என்ற தகுதி செடிக்கு மட்டும் கொடுக்கப்பட்ட பட்டம் இல்லை. செடியும் ஆழமும் சேர்ந்து பெற்றது. இதை நினைவில் வைத்திருங்கள். நம் மொட்டை மாடிக்கு வரும்போது இதே ஆழம் வேறு வேடத்தில் திரும்பி வரும்.

வெப்பமண்டல அல்லியின் அடியைத் தோண்டிப் பார்த்தால் ஊரும் தண்டு இருக்காது. செங்குத்தாக நிற்கும் உருண்டையான கிழங்கு, வாதுமைக் கொட்டை அளவில் ஆரம்பித்து அதைவிடப் பெரிதாகவும் இருக்கும். இது எதற்கான ஏற்பாடு? நம் ஏரி, கண்மாய்களின் ஆண்டுச் சுழற்சியைப் பார்த்தால் புரியும். மழைக்குப் பின் நிறையும் நீர் பங்குனி, சித்திரையில் வற்றி, கோடையில் தரை பாளமாக வெடிக்கிறது. நீர் வற்றியதும் பறவைகள் பறந்துவிட, ஆம்பலும் நெய்தலும் கொட்டியும் அந்தக் குளத்தை விட்டுப் போகாமல் இருப்பதை மூதுரை நல்ல உறவுக்கு உவமையாகச் சொல்கிறது. அறநூலாக அதைப் படிக்கிறோம். தாவரவியலாகவும் அதைப் படிக்கலாம். செடி போகாமல் இருப்பது கிழங்காகவும் விதையாகவும்தான். அடுத்த மழைக்கு மீண்டும் இலை விடுகிறது. இந்தச் சேமிப்பு மனிதருக்கும் தெரிந்ததே: அல்லிக் கிழங்கை அவித்துத் தின்பது பழைய வழக்கம், இலங்கையில் ஒலு என்று அழைக்கப்படும் ஆம்பலின் விதையைச் சோறாகச் சமைத்தும் உண்டிருக்கிறார்கள். வெப்பமண்டல அல்லிக்கு உறங்கத் தெரியாது என்று நினைப்பவர்கள் அது உறங்கும் நேரத்தைத் தவறாகத் தேடுகிறார்கள். அது மார்கழியில் அல்ல, வைகாசியில் உறங்கப் பழகியது.

இதற்கு இன்னொரு சான்று, ஆச்சரியமாக, குளிர் நாட்டுத் தோட்டக்கலையிலிருந்தே வருகிறது. இங்கிலாந்திலோ அமெரிக்காவின் வடபகுதியிலோ வெப்பமண்டல அல்லி வளர்ப்பவர்கள் இலையுதிர் காலத்தில் கிழங்கைத் தோண்டி, கழுவி, ஈர மணலில் புதைத்து, உறையாத ஆனால் குளுமையான, ஏறக்குறைய 13 டிகிரி வெப்பம் உள்ள இடத்தில் வைக்கிறார்கள். வசந்தத்தில் குளத்து நீர் 21 டிகிரிக்கு மேல் நிலையாக வந்த பிறகே மீண்டும் நடுகிறார்கள்; அவசரப்பட்டு முன்னமே நட்டால் செடி முளைக்க மறுத்து மறுபடியும் கிழங்காகச் சுருங்கிக்கொள்கிறது. ஈர மணல் நிறைந்த அந்த ஜாடி என்ன? நீர் வற்றிய ஏரியின் அடிச்சேற்றுக்குச் செய்த நகல். வறட்சிக்காகப் பழகிய உறக்கத்தைக் குளிரைக் கடப்பதற்காகக் கடன் வாங்குகிறார்கள். நன்றாக உரமிட்டு அகன்ற தொட்டியில் வளர்த்த செடி உறுதியான கிழங்கைத் தராமல் போகும். சிறிய தொட்டியில் நெருக்கடியில் வைத்த செடி இறுகிய நல்ல கிழங்கைத் தரும் என்பது வளர்ப்பவர்களின் அனுபவம். வளம் இருக்கும்போது இலையும் பூவும், பஞ்சம் வரும் என்று தெரிந்தால் சேமிப்பு.

பூவின் நிறத்தைப் பற்றிப் பேசாமல் அல்லியின் வரலாற்றைக் கடக்க முடியாது. அந்த வரலாறும் இந்த இரு உறக்கங்களுக்கு இடையிலான சுவரைப் பற்றியதுதான். 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் குளிரைத் தாங்கும் அல்லி என்றால் வெள்ளை அல்லிதான். நிறம் வேண்டுமானால் வெப்பமண்டலத்திலிருந்து கொண்டுவந்து கண்ணாடி மாளிகையில் கரி எரித்து நீரைச் சூடாக்க வேண்டும். 1849-ல் சாட்ஸ்வொர்த்தில் ஜோசப் பாக்ஸ்டன் அமேசானின் பேரல்லியான விக்டோரியாவைப் பூக்க வைத்தது அப்படித்தான். ஓர் அல்லிக்காக ஒரு கட்டடமே எழுந்தது. தென்மேற்கு பிரான்சில் ஜோசப் போரி லத்தூர்-மார்லியாக் வேறு வழி தேடினார். 1875-ல் லெ டெம்பிள்-சுர்-லோ என்ற ஊரில் நர்சரி தொடங்கி, ஸ்வீடனின் சிவப்பு வடிவம், அமெரிக்க இனங்கள், மஞ்சள் பூக்கும் மெக்சிகோ அல்லி ஆகியவற்றைக் கலந்து, திறந்த குளத்திலேயே குளிரைக் கடக்கும் இளஞ்சிவப்பும் சிவப்பும் மஞ்சளும் உருவாக்கினார். 1889-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவை வைக்கப்பட்டன. ஜிவெர்னியில் குளம் வெட்டிய ஓவியர் மொனே அவரிடம்தான் அல்லிகள் வாங்கினார். ஸ்வீடன் ஏரிக்கு இதனால் நன்மை விளையவில்லை. கண்டவரெல்லாம் தோண்டிக்கொண்டு போனதில் சிவப்பு அல்லி அழியும் நிலைக்கு வந்து, 1905-ல் சட்டப் பாதுகாப்பு தேவைப்பட்டது. மார்லியாக்கிற்குக் கிடைக்காத ஒரே நிறம் நீலம். இயற்கையில் நீலம் பூப்பவை பகலில் மலரும் வெப்பமண்டல அல்லிகள் மட்டுமே. கிழக்கு ஆப்பிரிக்காவின் நீல அல்லியான நிம்ஃபேயா கொலொராட்டாவின் முழு மரபணுத் தொகுதி 2020-ல் நேச்சர் இதழில் வெளியானபோது, அந்த நீலத்துக்குக் காரணமான டெல்ஃபினிடின் வகை நிறமியும் அடையாளம் காணப்பட்டது. இலங்கையின் தேசிய மலரான நீலோற்பலமும் இந்த நீலக் கூட்டத்தைச் சேர்ந்ததே.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். குளிரில் உறங்கப் பழகிய செடிக்குக் குளிரே இல்லாத ஊரில் என்ன வேலை, சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் அது பிழைக்குமா? ஹார்டி வாங்கியவர் தவறு செய்தார் என்று முதலில் சொன்ன என்னிடமே இதைக் கேட்கலாம். அவர் காரணத்தில்தான் தவறினார், முடிவில் தவறினார் என்று நான் சொல்லவில்லை. குளிர்தாங்கும் கூட்டம் ஒரே குணம் கொண்டதல்ல. சைபீரியா வரை பரவிய டெட்ராகோனா என்ற குட்டி அல்லி அதில் இருக்கிறது. ஃபுளோரிடாவையும் மெக்சிகோவையும் சொந்த ஊராகக் கொண்ட மஞ்சள் அல்லியும் அதிலேயே இருக்கிறது. கனடாவில் தொடங்கி கரீபியத் தீவுகள் வரை இறங்கும் ஒடோராட்டாவும் இருக்கிறது. குளிரைத் தாங்கும் ஆற்றல் வெப்பத்தைத் தாங்காத பலவீனத்தை உடன் கொண்டுவருவதில்லை. பனியே காணாத தாய்லாந்தில் குளிர்தாங்கும் அல்லிகளின் புதிய கலப்புகள் ஏராளமாக உருவாகின்றன. இளஞ்சிவப்பில் மஞ்சள் தெளித்தாற்போன்ற 'வன்விசா' அப்படி வந்து, 2010-ல் சர்வதேச அல்லிச் சங்கத்தின் சிறந்த புதிய அல்லி விருதைப் பெற்றது. பூப்பதற்குக் குளிர் கட்டாயம் என்றால் இது நடந்திருக்க முடியாது. ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டியது ஹார்டியா என்பதல்ல, எந்த இனத்தின் வழி வந்த ஹார்டி என்பது. டெட்ராகோனாவின் நேர் வாரிசுகள் நம் கோடையில் சோர்ந்துபோகும்; மெக்சிகோ, ஒடோராட்டா வழி வந்தவை சமாளிக்கும். ஆனால் ஒரு விலை உண்டு. குளிர் நாட்டில் ஆண்டுக்குப் பல மாதம் ஓய்ந்து கிடக்கும் தண்டு இங்கே ஓய்வதே இல்லை. கிளைத்துக் கிளைத்துத் தொட்டியை நிறைத்துவிடுகிறது. அப்போது இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நீரைவிட்டு எழும், பூ குறையும். ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுத்து, குருத்துள்ள முனையைக் கத்தியால் வெட்டி, மறுபடி நட வேண்டும். செடிக்கு இயற்கை தராத ஓய்வைக் கத்தி தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் நம் ஊரில் அல்லியைக் கொல்வது எது? வெயில் அல்ல, நாளுக்கு ஐந்தாறு மணி நேர நேர்வெயில் இல்லாவிட்டால்தான் அல்லி பூக்காது. கொல்வது சூடேறிய சேறு. இதைப் புரிந்துகொள்ள அல்லி மூச்சுவிடும் விதத்தைப் பார்க்க வேண்டும். சேற்றுக்குள் ஆக்சிஜன் இல்லை. அங்கே புதைந்த கிழங்குக்குக் காற்று எப்படி எட்டுகிறது? அல்லிக் குடும்பத்தின் மஞ்சள் நுஃபார் செடியில் அமெரிக்க ஆய்வாளர் ஜான் டேசி கண்டதை 1980-ல் சயன்ஸ் இதழ் வெளியிட்டது. வெயிலில் சூடாகும் இளம் இலைக்குள் காற்றழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் காற்றைக் காம்பு வழியே கிழங்குக்குத் தள்ளுகிறது. அங்கிருந்து அது முதிர்ந்த இலைகளின் காம்பு வழியே ஏறி வெளியேறுகிறது. ஓர் இலை வழியாக ஒரே நாளில் இருபது லிட்டருக்கு மேல் காற்று உள்ளே போகலாம் என்று கணக்கிட்டார். இளம் இலை ஊதுகுழல், முதிர்ந்த இலை புகைபோக்கி. அழகுக்காக முதிர்ந்த இலைகளை எல்லாம் ஒரே நாளில் கத்தரிப்பவர் புகைபோக்கியை அடைக்கிறார்; மஞ்சளாகி அழுகத் தொடங்கியதை மட்டும் எடுத்தால் போதும். இலைத் துளைகள் மேற்புறத்தில் இருப்பதால் அல்லிக்கு நீரூற்றுத் தூறலும் ஆகாது. இப்போது சேற்றில் மட்கிய எருவும் தேங்காய் நார்க் கழிவும் கலந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சூடான நீர் ஆக்சிஜனைக் குறைவாகவே தாங்கும். அழுகும் எரு இருப்பதையும் தின்றுவிடும். கிழங்கு மூச்சுமுட்டி அழுகும். ரோஜாவுக்கு நல்லதெல்லாம் அல்லிக்கு நல்லதாகாது. கனமான வயல் களிமண் அல்லது ஏரி வண்டல், மேலே மண் கலங்காமல் இருக்கக் கொஞ்சம் மணல், மெதுவாகக் கரையும் உரத்தைக் காகிதத்தில் மடித்து மாதம் ஒருமுறை சேற்றுக்குள் அழுத்துவது: இவ்வளவு போதும். குளிர்தாங்கும் தண்டைத் தொட்டியின் ஓரத்தில் வைத்துக் குருத்து நடுவை நோக்கும்படி சாய்த்து நட வேண்டும், ஊர இடம் வேண்டுமே. வெப்பமண்டலக் கிழங்கை நடுவில் நட வேண்டும், அது ஊராது. இரண்டிலும் குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்.

இங்கேதான் ஃபாகெர்டார்னின் ஆழம் திரும்பி வருகிறது. பனியிலிருந்து கிழங்கைக் காத்த அதே நீர், வெயிலிலிருந்தும் காக்கும். நீர் மெதுவாகச் சூடாகும், மெதுவாக ஆறும். மொட்டை மாடியில் கறுப்பு பிளாஸ்டிக் டப்பில் இருபது லிட்டர் நீர் சித்திரை வெயிலில் மதியத்துக்குள் வெந்நீராகும். தரையில் பதித்த இருநூறு லிட்டர் தொட்டி ஆகாது. செடியின் விலையில் பாதியை மிச்சப்படுத்தி அந்தப் பணத்தைத் தொட்டியின் அகலத்திலும் ஆழத்திலும் போடுவது புத்திசாலித்தனம். குருத்துக்கு மேல் ஒரு சாண் நீர் இருந்தாலே பெரும்பாலான வெப்பமண்டல அல்லிகளுக்குப் போதும். குளிர்தாங்கும் பெரிய வகைகளுக்கு முழ ஆழம் தரலாம். புதிய சிமெண்ட் தொட்டி சுண்ணாம்பைக் கசியும். பலமுறை நீர் நிரப்பி ஊறவைத்துக் கொட்டிய பிறகே நட வேண்டும். ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும். உவர்ப்பான போர்வெல் நீரை நாள்தோறும் ஊற்றி வந்தால் தொட்டி மெல்ல மெல்ல உப்பளமாகும். ஆர்.ஓ. கருவி கழித்துவிடும் நீரை ஊற்றுவது சிக்கனமாகத் தோன்றும். அது உப்பைச் செறிவாக்கிக் கழித்த நீர் என்பதை மறக்கக் கூடாது. மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை.

நிற்கும் நீர் என்றாலே கொசு, அதுவும் டெங்கு பரப்பும் கொசு என்று அஞ்சுவோர் சரியான இடத்தில்தான் அஞ்சுகிறார்கள். ஆனால் டெங்குக் கொசு தேடுவது மீன் இல்லாத சிறு கலத்து நீரை. நாலைந்து சிறு மீன்கள் உள்ள தொட்டியில் புழு கொசுவாவதற்குள் இரையாகிவிடும். கடைக்காரர் தரும் கம்பூசியா மீன் அயல்நாட்டுக்காரர். பெருமழையில் வழிந்து ஏரிக்குப் போனால் உள்ளூர் மீன்களை விரட்டும். நம் வயல் வாய்க்காலிலேயே நீர்ப்பரப்பை ஒட்டி நீந்திப் புழு தின்னும் சிறு மீன்கள் இருக்கின்றன, அவையே போதும். பாசிக்கு மருந்து ஊற்ற வேண்டாம். நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் இலை மூடினால் வெளிச்சம் இல்லாமல் பாசி தானே அடங்கும்.

என் வாதத்துக்குக் கடினமான மறுப்பு வேறு ஒன்று. 2007-ல் தாய்லாந்தின் பைராட் சோங்பானிச் குளிர்தாங்கும் அல்லியையும் வெப்பமண்டல அல்லியையும் கலந்து 'சயாம் ப்ளூ ஹார்டி' என்ற நீல வகையை உருவாக்கினார். மார்லியாக்கின் கைக்கு எட்டாத நீலம் அது. சுவர் இடிந்துவிட்டது, இனி இந்தப் பிரிவினையால் என்ன பயன் என்று கேட்கலாம். நான் அதை எதிர்மாறாகப் பார்க்கிறேன். இரண்டு கூட்டமும் வெறும் வணிகப் பெயர்களாக இருந்திருந்தால் அவற்றைக் கலக்க நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்காது. அதைவிட முக்கியம், கலப்பினங்கள் பெருகும்போது பெயர்ச்சீட்டை நம்ப முடியாமல் போகிறது. நீலம் என்றால் வெப்பமண்டலம் என்ற பழைய குறுக்குவழி இனி உதவாது. தாயிடமிருந்து பூ நிறத்தையும் தந்தையிடமிருந்து உறக்கத்தையும் ஒரு செடி பெற்றிருக்கலாம். வாங்குவதற்கு முன் தொட்டியின் ஓரத்து மண்ணை விரலால் கொஞ்சம் விலக்கிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே இஞ்சிபோல ஊரும் தண்டு தெரிந்தால் அகன்ற தொட்டியும் ஆண்டுக்கொரு கத்தியும் தயாராக வைத்துக்கொள்ளலாம். உருண்டைக் கிழங்கு தெரிந்தால், என்றோ ஒருநாள் இலையெல்லாம் சுருங்கி மறைந்துபோனாலும் மண்ணைக் கொட்டிவிடாமல், ஈரம் காயாமல் வைத்து, அடுத்த சூடான நீருக்குக் காத்திருக்கலாம்.